கொப்பியைக் கண்டால் ஓடும் பிள்ளை

"அம்மா, எனக்கு வயித்துக்கை குத்துது."

புத்தகப் பையைத் திற என்று சொன்னவுடன் எங்கள் வீடுகளில் கேட்கும் குரல் இது. சில பிள்ளைகளுக்குத் தலையிடி வரும். சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடாய்க்கும். பென்சில் முனை முறியும், அழிறப்பர் தொலையும், கிணற்றடியில் விட்ட செருப்பு நினைவுக்கு வரும். அரை மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால் கொப்பியில் திகதி மட்டும் எழுதியிருக்கும். அதுவும் கோணலாக இருக்கும்.

அந்த நேரத்தில் தாயின் நிலை என்ன? விடியப்புறம் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, கொடிகாமம் சந்தைக்குத் தேங்காயோ பலாப்பழமோ கொண்டுபோய் விற்றுவிட்டு வந்திருப்பாள். அல்லது தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கியிருப்பாள். அல்லது நாள் முழுவதும் தையல் மெசினில் குனிந்திருந்திருப்பாள். இரவுச் சாப்பாடு இன்னும் அடுப்பில் ஏறவில்லை. அந்த வேளையில் பிள்ளை "நாளைக்குச் செய்யிறன்" என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். கை நீள்கிறது. பிள்ளை அழுகிறது. கொஞ்ச நேரத்தில் தாயும் அடுப்படியில் இருந்து அழுகிறாள்.

கொடிகாமத்துப் பக்கம் ஆரம்ப வகுப்புகளில் பல வருடம் கற்பித்தவள் நான். இந்தக் கதையின் இரண்டு பக்கத்தையும் கண்டிருக்கிறேன். வீட்டுவேலை செய்யாத பிள்ளை காலையில் என் மேசைக்கு முன்னால் தலை குனிந்து நிற்கும். பின்னேரம் அதன் தாய் வழியில் என்னை மறித்து, "அடிச்சும் பாத்திட்டன் ரீச்சர், இருந்து எழுதுதில்லை" என்று கண் கலங்குவாள். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். சிறு பிள்ளை காரணம் இல்லாமல் கொப்பியைத் தள்ளி வைப்பதில்லை. அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நாள்தோறும் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் இருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். இதற்குத் தாய் படித்தவளாக இருக்க வேண்டும் என்றில்லை.

எனக்குப் பாடம் சொல்லித் தந்த மூன்று பிள்ளைகள்

பிள்ளைகளை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலாவது பிள்ளை 2011 இல் தரம் 2 இல் படித்த சிறுவன். போர் முடிந்து இரண்டு வருடம். வன்னியில் இருந்து வந்து, இராமாவில் முகாமில் இருந்துவிட்டு, உறவினர் வளவொன்றில் கொட்டில் போட்டு இருந்த குடும்பம். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒரு கிழமை முழுவதும் எதையுமே எழுதவில்லை. நானும் ஏசினேன். ஒருநாள் இரவு தாய் தடியை எடுக்காமல் பக்கத்தில் இருத்தி, "என்ன ராசா, என்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை கேட்டதாம்: "அம்மா, அப்பாவைக் கீறுறதோ, விடுறதோ?"

'எங்கள் குடும்பம்' என்று படம் கீறி நாலு வசனம் எழுதி வரும்படி நான்தான் வீட்டுவேலை கொடுத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் தகப்பனைப் பற்றி 2009 மே மாதத்திற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கீறினால் பொய்யாகுமோ, கீறாமல் விட்டால் அப்பா இல்லை என்று ஆகிவிடுமோ என்று ஆறு வயதுப் பிள்ளை ஒரு கிழமையாக யோசித்திருக்கிறது. தாய் சொன்ன பதில் இது: "கீறு அப்பன். எங்கை இருந்தாலும் அவர் உன்ரை அப்பா தானே." பிள்ளை படலைக்குப் பக்கத்தில் அப்பாவைக் கீறியது. அடுத்த நாள் தொடக்கம் மற்ற வீட்டுவேலைகளையும் செய்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பாடத்தை வேறு விதமாகத்தான் சொல்வேன். "உங்களோடை இருக்கிற ஆக்களைக் கீறுங்கோ. நீங்கள் நினைக்கிற ஆக்களையும் கீறலாம்."

இரண்டாவது பிள்ளை 2022 இல் தரம் 4 இல் படித்த சிறுமி. நாட்டில் பொருளாதார நெருக்கடி. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட வேண்டி வந்த காலம் அது. இந்தப் பிள்ளை வீட்டில் "இண்டைக்கு ஒண்டும் தரேல்லை" என்றும், வகுப்பில் "கொப்பியை மறந்திட்டன்" என்றும் இரண்டு கிழமை சொல்லியிருக்கிறது. பொய் சொன்னதற்கு வீட்டில் அடியும் விழுந்தது. பிறகுதான் தெரிந்தது, கொப்பி முடிந்துவிட்டது. கடையில் கொப்பியின் விலையைப் பிள்ளை கேட்டிருக்கிறது. தாயின் கையில் காசு இல்லை என்பதும் அதற்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

மூன்றாவது பிள்ளை தரம் 3 சிறுவன். வீட்டுவேலை செய்வான், ஆனால் எல்லாம் பிழையாக வரும். சிவப்பு மையால் பிழை போட்டுப் போட்டு, கடைசியில் செய்வதையே விட்டுவிட்டான். அவன் கணக்கைப் பிழையாகச் செய்யவில்லை. கரும்பலகையில் இருந்த கணக்கைப் பிழையாகப் பார்த்து எழுதியிருக்கிறான். வைத்தியசாலையில் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்ட பிறகு விசயம் விளங்கியது.

இந்த மூன்று பேரையும் 'சோம்பேறி' என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

தடியை எடுக்க முன்னர்

ஆகவே தாய்மாரே, பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்போது முதலில் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. சாப்பிட்டதா? நித்திரை போதுமா? காலையில் வெறும் தேநீரோடு போன பிள்ளைக்கும், இரவு பத்து மணி மட்டும் விழித்திருந்த பிள்ளைக்கும் எழுத்தில் மனம் நிற்காது.

2. கண்ணும் காதும் சரியா? புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறதா, கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புகிறதா என்று கவனியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கே நடக்கும். இடையில் வரும் குறையைத் தாய்தான் காண வேண்டும்.

3. கொப்பி, பென்சில் இருக்கிறதா? அரசாங்கம் 1980 இல் இருந்து பாடநூலையும் 1993 இல் இருந்து சீருடைத் துணியையும் இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறது. கொப்பி எங்கள் செலவு. பழைய கொப்பிகளில் மிச்சமாக இருக்கும் வெள்ளைத் தாள்களைக் கழற்றி ஊசி நூலால் தைத்தால் ஒரு நல்ல கொப்பி கிடைக்கும். ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

4. என்ன செய்ய வேண்டும் என்று விளங்கியதா? "என்ன செய்யச் சொன்னவை?" என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அதற்கு விளங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

5. பாடசாலையில் யாரும் கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா? தகப்பன் இல்லாத பிள்ளை, முகாமில் இருந்து வந்த பிள்ளை என்று பட்டம் சொல்லும் வழக்கம் பிள்ளைகளிடமும் உண்டு.

6. வீட்டில் எதையாவது பார்த்துப் பயந்திருக்கிறதா? கடன் கொடுத்தவர் பின்னேரங்களில் வந்து படலையில் நின்று சத்தம் போடும் வீட்டில், பிள்ளையின் காது படலையில்தான் இருக்கும். கொப்பியில் இராது. அவர்கள் வரும் நாளில் வீட்டுவேலை நேரத்தை மாற்றி வையுங்கள். முடிந்தால் அன்று அம்மம்மா வீட்டிலோ அயல் வீட்டிலோ இருந்து எழுத விடுங்கள்.

பயந்த மனம் காவலுக்கு நிற்கும். காவலுக்கு நிற்கும் மனத்தால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். உடம்பில் பட்ட காயம் ஆறினாலும் வடு இருப்பதுபோல மனத்திலும் இருக்கும். அந்த வடு உள்ள தாய் வளர்க்கும் பிள்ளை, போரைக் காணாவிட்டாலும் தாயின் முகத்தைக் காண்கிறது.

நாங்களும் கொப்பியை விட்டுவிட்டு ஓடியவர்கள்

பிள்ளை எழுதவில்லை என்றதும் எங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? இதை எங்கள் மனத்தைத் தொட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1990 இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதானது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் படித்த தலைமுறை எங்களுடையது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது கொடிகாமம், சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலைகள் அகதிகளால் நிறைந்தன. வகுப்பறையில் சமைத்தார்கள், வகுப்பறையில் பிள்ளை பெற்றார்கள். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவுக்குப் பிறகு சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. அப்போது நாங்களே வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் ஓடினோம். 2002 இல் சமாதானம் என்று திரும்பி வந்து, இடிந்த சுவருக்குக் கூரை போட்டோம். 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் மறுபடியும் சண்டை தொடங்கி ஏ9 வீதி மூடப்பட்டது. பிறகு 2009.

2000 இல் தரம் 1 இல் இருந்த பிள்ளை இன்று முப்பது வயதைத் தாண்டிய தாய். அவளின் பிள்ளைதான் இப்போது தரம் 1 இலும் 2 இலும் இருக்கிறது. பையைப் போட்டுவிட்டு ஓடியதோடு அவளின் படிப்பும் எங்கோ ஒரு வழியில் நின்றுபோனது.

அதனால் எங்களுக்குள் இரண்டு விசயம் இருக்கிறது. ஒன்று பயம். "நான் தான் படிக்கேல்லை, நீயாவது படி" என்ற பயம். அது நியாயமான ஆசைதான். ஆனால் ஆறு வயதுத் தலையில் வைக்க முடியாத பாரம். ஒரு பக்கம் 'க, கா' எழுத மறுத்தால் பிள்ளையின் வாழ்க்கையே போய்விட்டது என்று எங்களுக்குப் படுகிறது. போகவில்லை. அது ஒரு பக்கம் எழுத்துத்தான்.

மற்றது வெட்கம். பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து கேட்கும் கணக்கு எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராது. அந்த வெட்கம் "போய் ரீச்சரைக் கேள், என்னை ஏன் ஆய்க்கினைப்படுத்துறாய்" என்ற ஏச்சாக வெளியே வருகிறது. பிள்ளை அதை, "நான் கேட்டது பிழை" என்றே விளங்கிக்கொள்கிறது. அடுத்த நாள் கேட்காது. அதற்கடுத்த நாள் கொப்பியையே எடுக்காது.

"நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள், உனக்கு லைற் இருந்தும் படிக்க ஏலாதோ?" என்று சொல்லாத வீடில்லை. அந்த விளக்கின் கதையைக் கட்டாயம் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இரவு படுக்கையில் கதையாகச் சொல்லுங்கள். கொப்பிக்கு முன்னால் இருக்கும்போது தடியாகப் பாவிக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் எழுத வேண்டும்?

அதிக நேரம் தேவையில்லை. எங்கள் நாட்டில் 1990 களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே, தரம் 1, 2 பிள்ளைகள் முக்கியமாக விளையாட்டினூடாகவும் செயற்பாட்டினூடாகவும் கற்க வேண்டும், மேசையில் இருந்து எழுதும் வேலை குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அமெரிக்காவில் ஹரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர் வீட்டுவேலை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2006 இல் எழுதினார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலையால் கிடைக்கும் பயன் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் அவ்வளவாகத் தெரியவில்லை என்பது அவர் கண்டது. அங்கே பல ஆசிரியர்கள் ஒரு இலகுவான கணக்கு வைத்திருக்கிறார்கள். வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம். தரம் 1 க்குப் பத்து நிமிடம், தரம் 2 க்கு இருபது, தரம் 5 க்கு ஐம்பது.

தமிழ் எழுதப் பழகும் பிள்ளைக்கு முன்னால் 247 எழுத்துகள் நிற்கின்றன. ல, ள, ழ வேறு. பென்சில் பிடிக்கும் சின்ன விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை. அரைப் பக்கம் எழுதியதும் "கை நோகுது" என்று பிள்ளை சொல்வது பல வேளை உண்மை. கையை உதறி, விரலை விரித்து மடக்கச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

நேரமும் இடமும்

பாடசாலையால் வந்தவுடன் கொப்பியை எடுக்கச் சொல்ல வேண்டாம். முதலில் சாப்பிடட்டும். பிறகு ஓடி விளையாடட்டும். கிளித்தட்டும் கொக்கானும் பிள்ளைக்கு வீண் பொழுது அல்ல. கொக்கான் வெட்டும் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கல்லை எடுக்கும்போதே கணக்குப் பழகுகிறது, விரலும் பலப்படுகிறது.

பின்னேரம் முகம் கை கால் கழுவி, விளக்கு வைத்துத் தேவாரம் பாடும் வீடானால் அது முடிந்தவுடன், செபம் சொல்லும் வீடானால் செபம் முடிந்தவுடன், வீட்டுவேலை நேரம் என்று வையுங்கள். நாளும் ஒரே நேரம், ஒரே இடம் என்று இருந்தால் "வா, இரு" என்று கத்தும் வேலை மெல்ல மெல்லக் குறையும். மணிக்கூடு பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் 'இதற்குப் பிறகு இது' என்பது விளங்கும்.

மேசை கதிரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு பாய், கவிழ்த்து வைத்த பழப்பெட்டி, அதன்மேல் ஒரு பலகை போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்தில் இருந்து வரட்டும். கையின் நிழல் எழுத்தில் விழாது. இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம், விளக்கை மட்டும் மற்றப் பக்கம் மாற்றுங்கள். ரீவியையும் போனையும் அந்த இருபது நிமிடத்திற்கு நிறுத்தி வையுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. 2020 கொரோனாவுக்குப் பிறகு வீட்டுவேலை போனிலும் வரத் தொடங்கியது. அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவிட்டுப் போனை எடுத்து வைத்துவிட்டால் பிள்ளையின் மனம் அதற்குள் போகாது.

தொடங்குவதுதான் கஷ்டம்

பிள்ளை பயப்படுவது பெரும்பாலும் முதல் வரிக்குத்தான். ஒரு பக்கம் கணக்கைக் கண்டதும் அதற்கு மலைபோலத் தெரியும். கீழே உள்ள கணக்குகளை ஒரு தாளால் மூடிவிட்டு, முதல் கணக்கை மட்டும் காட்டுங்கள். "இந்த ஒண்டை மட்டும் செய், பாப்பம்" என்று சொல்லுங்கள். அது முடிந்ததும் தாளைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

வாசிப்பானால் "நீ ஒரு வரி, நான் ஒரு வரி." அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் "நீ ஒரு வரி வாசி, நான் அதைத் திருப்பிச் சொல்லுறன்." கணக்கானால் புளியங்கொட்டை, பலாக்கொட்டை, குரும்பட்டி, எது கையில் கிடைக்கிறதோ அதை வைத்து எண்ணட்டும். "பதின்மூன்றில் ஐந்து போனால் எத்தனை" என்று கேட்டால் விழிக்கும் பிள்ளை, "பதின்மூண்டு தேங்காய் கொண்டுபோனன், அஞ்சு வித்துப்போச்சு, மிச்சம் எத்தினை?" என்று கேட்டால் உடனே சொல்லும். சந்தையில் தாய் நாள்தோறும் செய்வது கணக்குத்தான். கணக்குத் தெரியாது என்று நினைக்கும் பெண்கள் பலர் மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள்.

முடிந்ததும் "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லுவதைவிட, செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். "நாலு வரியும் கோட்டிலையே நிக்குது", "பிழைச்சதை அழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதினாய்" என்று சொன்னால், எதை நாளைக்கும் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்?

இந்தக் கேள்வியை என்னிடம் மெல்லிய குரலில் கேட்ட தாய்மார் பலர். அவர்களுக்கு நான் சொன்னது இதுதான்.

ஏடு தொடக்கிய நாளை நினைத்துப் பாருங்கள். விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் இருத்தி, அந்தச் சின்ன விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் 'அ' எழுதினோம். பிள்ளை அழுதால் அணைத்துக்கொண்டோம். யாரும் அடிக்கவில்லை. அந்த முதல் எழுத்தை எழுதும்போது ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருந்தார். தரம் 1 க்குப் போனதும் அந்தத் துணையை எடுத்துவிட்டு, "போய் இருந்து எழுது" என்று தனியே அனுப்பிவிடுகிறோம். பிள்ளை தேடுவது அந்த மடியைத்தான்.

ஆகவே பக்கத்தில் இருங்கள். ஆசிரியராக இருக்க வேண்டாம், தாயாக இருங்கள். அரிசி புடைத்துக்கொண்டோ, மரக்கறி வெட்டிக்கொண்டோ இருக்கலாம். "எனக்கு இது தெரியாது, நீ எனக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைக்குத் தானே நன்றாக விளங்கும். தனக்கும் ஒன்று தெரியும் என்ற பெருமையும் வரும். அப்படி இருந்த ஒரு தாய், பிள்ளை தரம் 3 க்கு வரும்போது தன் பெயரைக் கையெழுத்தாக வைக்கப் பழகியிருந்தாள். அதுவரை அவள் பெருவிரல் அடையாளம்தான் வைத்தவள்.

விளங்காத கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி போட்டு விடுங்கள். அதை நாளை ஆசிரியரிடம் கேட்கட்டும். பிள்ளைக்காக நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். அக்காவைக் கொண்டு எழுதுவிக்கவும் வேண்டாம். பிழையாக எழுதிய பக்கம் ஆசிரியருக்கு ஒரு செய்தி. எங்கே விளங்கவில்லை என்று அதுதான் காட்டும்.

செய்யக் கூடாதவை

அடிக்க வேண்டாம். கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வராது. எங்கள் மனச்சாட்சிதான் சுற்றறிக்கை. அடித்து எழுதுவித்தால் அன்றைய பக்கம் முடியும். ஆனால் கொப்பியைக் கண்டதும் அடியின் நினைவுதான் வரும். அடுத்த நாள் வயிற்றுக்குத்து இன்னும் முந்தி வரும். அடிபட்டு, ஓடி, ஒளித்து வாழ்ந்த நாங்கள் கை ஓங்கும்போது பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். "அப்பா இருந்தால் உனக்குத் தெரியும்" என்று இல்லாதவரைச் சொல்லி வெருட்ட வேண்டாம். அப்பாவின் நினைவு பிள்ளைக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். "நூறு தரம் எழுது" என்று எழுத்தைத் தண்டனையாக்க வேண்டாம். தண்டனையாக வந்ததை யார்தான் விரும்புவார்கள்? நாளும் இனிப்பும் காசும் கொடுத்து எழுதுவிக்கவும் வேண்டாம். இல்லாத நாளில் எழுத்தும் நின்றுவிடும். எழுதி முடிந்ததும் ஒரு கதை, ஒரு கொக்கான் ஆட்டம் போதும்.

கோபம் மிஞ்சி வருகிறதா? எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். ஒரு நாள் வீட்டுவேலை செய்யாமல் போனால் வானம் இடிந்து விழாது. எங்களில் பலர் ஒரு வருடமே பாடசாலைக்குப் போகாமல் இருந்தவர்கள்தானே.

ஆசிரியரோடு பேசுங்கள்

தகப்பன் இல்லாத வீட்டுத் தாய்மார் பலர் பாடசாலை வாசலுக்கு வரக் கூச்சப்படுகிறார்கள். வராமல் இருந்தால் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. நான் 'எங்கள் குடும்பம்' பாடத்தைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளையின் நிலை எனக்கு நினைவில் இருக்கவில்லை. தாய் வந்து சொன்ன பிறகே தெரிந்தது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டைப் பற்றி ஆசிரியருக்குச் சொல்லக்கூடியவர் தாய் ஒருவர்தான்.

போக நேரம் இல்லாவிட்டால் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்பலாம். எழுத முடியாவிட்டால் அயல் வீட்டுப் பெரிய பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். "இருபது நிமிடம் இருந்து எழுதினான், இவ்வளவுதான் முடிந்தது." இதைப் பார்த்தால் நல்ல ஆசிரியர் பிள்ளையை ஏசமாட்டார். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் வருடங்கள் இருக்கும்போதே தரம் 1, 2 பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பி, அங்கேயும் ஒரு வீட்டுவேலை, இங்கேயும் ஒரு வீட்டுவேலை என்று இரட்டைச் சுமை வைப்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

பக்கத்தில் இருந்து, பொறுமையாக ஒன்றிரண்டு மாதம் பார்த்தும் மாற்றம் இல்லாவிட்டால் கவனியுங்கள். இரவில் பயந்து கத்தி எழும்புதல், விட்டுப்போன படுக்கையில் சலம் போகும் பழக்கம் திரும்ப வருதல், முன்பு கதைத்த பிள்ளை கதைக்காமல் ஒதுங்குதல், விளையாட்டிலும் மனம் இல்லாமல் போதல், பாடசாலை என்றாலே நடுங்குதல் ஆகியவற்றை வீட்டுவேலைப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். வேறு பாடமெல்லாம் விளங்கியும், கெட்டித்தனமாகக் கதைத்தும், எழுத்தை மட்டும் தரம் 3 வரையும் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைக்கும் தனியான உதவி தேவைப்படலாம்.

பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். போர் நடந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி கொடுக்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்கான உத்தியோகத்தர்களும், அரச வைத்தியசாலையில் வைத்தியர்களும் இருக்கிறார்கள். உளநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்களுக்குத் தொலைபேசி எடுக்கலாம். பிள்ளையை உளநல வைத்தியரிடம் காட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று எண்ண வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுவதைப் போன்றதுதான் இதுவும். இரவில் நித்திரையில்லாமல் அழும் தாயும் இதே உதவியைக் கேட்கலாம்.

நாளை பின்னேரம்

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது. நாளை பின்னேரம் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். விளக்கு வைத்த பிறகு பாயை விரித்து, பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்களும் இருங்கள். "இண்டைக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையில் ஒரு வேலையோடு பேசாமல் இருங்கள். முதல் நாள் பதில் வராமலும் போகலாம். இரண்டாம் நாளும் அதே இடத்தில் இருங்கள்.

படலையில் அப்பாவைக் கீறிய அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்து இளைஞனாகிவிட்டான். சில மாதங்களுக்கு முன் சந்தையடியில் தாயைக் கண்டேன். அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அந்தக் கொப்பியை இன்னும் எறியேல்லை ரீச்சர். இரண்டு தரம் வீடு மாறியும் கொண்டுதான் திரியிறன்."